செல் தானே தயாரிக்கும் பெராக்சைடு: நஞ்சா, செய்தியா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

கேரள-தமிழக எல்லைக்கு இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலும் சரி, அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் சரி, தேயிலைப் பொட்டலம் முதல் முகக்களிம்பு வரை ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று அச்சிடாத பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்து வளரும் என் தமிழ்வழி மாணவர்கள், உடலுக்குள் ஆக்சிஜனேற்றம் நடப்பதே ஒரு நோய் என்றும், அதை அடியோடு நிறுத்திவிட்டால் மூப்பு வராது என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதே பிள்ளைகளுக்கு நோய்த்தடுப்பாற்றல் பாடம் நடத்தும்போது, வெள்ளணுக்கள் பாக்டீரியாவை விழுங்கியபின் சூப்பர்ஆக்சைடையும் (கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பெற்ற ஆக்சிஜன்) ஹைட்ரஜன் பெராக்சைடையும் வேண்டுமென்றே உண்டாக்கி அதைக் கொல்கின்றன என்றும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளணு ஒன்றுதான் விதிவிலக்கா, அல்லது மற்றச் செல்களும் ஏதோ ஒரு தேவைக்காகவே இவற்றைத் தயாரிக்கின்றனவா? விளம்பரத்துக்குப் பதிலாக வேதியியலைச் சொல்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நொதிநாடி (வேலந்தாவளம்)

விதிவிலக்கு அல்ல, டீச்சர். ஆனால் அது விதிவிலக்கு என்றே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பலரும் நம்பியிருந்தார்கள். 1954-இல் ரெபெக்கா கெர்ஷ்மனும் டேனியல் கில்பர்ட்டும், மிகையான ஆக்சிஜன் உடலுக்குச் செய்யும் கேடும் எக்ஸ்-கதிர் செய்யும் கேடும் ஒரே வழியில், அதாவது தனி உறுப்புகளின் (free radicals: இணையில்லா எலக்ட்ரானோடு எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள்) வழியாக, நிகழ்கின்றன என்று எழுதினார்கள். 1956-இல் டென்ஹாம் ஹார்மன் அதையே மூப்புக்குக் காரணமாக முன்வைத்தார். 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் சூப்பர்ஆக்சைடை அழிப்பதற்கென்றே ஒரு நொதி, சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், இருப்பதைக் கண்டுபிடித்ததும், அழிக்க ஒரு நொதி இருக்கிறது என்றால் அழிக்கப்படுவது நஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவு எளிதில் வந்துவிட்டது. ஹெல்முட் சீஸ் 1985-இல் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற தொடரை வரையறுத்தபோதும், ஆக்சிஜனேற்றிகளின் கை ஓங்கி விளையும் கேட்டைத்தான் அது குறித்தது.

வெள்ளணுவில் சூப்பர்ஆக்சைடை உண்டாக்குவது நாக்ஸ்2 என்ற நொதி. பிறவியிலேயே அது பழுதுபட்டவர்களுக்கு நாட்பட்ட கிரானுலோமா நோய் வருகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அவர்களைத் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன. பிறகு அதே குடும்பத்து நொதிகள் பெருங்குடலிலும் சிறுநீரகத்திலும் உட்காதிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் அகப்பட்டன. மனித உடலில் நாக்ஸ்1 முதல் நாக்ஸ்5 வரை ஐந்தும், டுவாக்ஸ் என்ற பெயரில் இரண்டுமாக மொத்தம் ஏழு நொதிகள் இருக்கின்றன; இவற்றின் முதன்மையான வேலையே எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுப்பதுதான். தைராய்டு சுரப்பி டுவாக்ஸ்2 தரும் ஹைட்ரஜன் பெராக்சைடு இல்லாமல் அயோடினைத் தன் புரதத்தோடு இணைக்க முடியாது. அந்த மரபணு பழுதான குழந்தைகளுக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு ஏற்படுவது அதனால்தான்.

செய்தி என்ற கருத்துக்குத் திருப்புமுனை 1995-இல் வந்தது. டோரன் ஃபிங்கலின் குழு, இரத்தக்குழாய்த் தசைச் செல்களுக்கு ஒரு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தபோது செல்லுக்குள் பெராக்சைடு சற்று நேரம் உயர்ந்து தணிவதைப் பார்த்தது. பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் செல்லுக்குள் கூட்டியதும், அந்தக் காரணியின் பேச்சு எடுபடவே இல்லை: செய்தியைக் கடத்தும் குறியான பாஸ்பேட் புரதங்களில் ஏறவில்லை, டிஎன்ஏ உற்பத்தி தொடங்கவில்லை, செல் நகரவும் இல்லை. ஆக, அந்தப் பெராக்சைடு செய்தியோடு ஒட்டிவந்த கழிவு அல்ல. செய்தியின் ஒரு கண்ணி.

இதன் வேதியியல் சுருக்கமானது. புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒரு கந்தக அணு இருக்கிறது. சில இடங்களில் மட்டும் அது ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னேற்றத்தோடு நிற்கும். அப்படி நிற்கும் கந்தகத்தோடு பெராக்சைடு வினைபுரிந்தால் புரதத்தின் வேலை மாறுகிறது. பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதியின் மையத்தில் இருப்பதும் இத்தகைய சிஸ்டீன்தான். அது ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் நொதி சற்று நேரம் முடங்க, பாஸ்பேட் ஏறிய செய்தி அணையாமல் நிற்கிறது. பின்னர் செல்லில் ஆக்சிஜனேற்றத்தை நீக்கும் பொருள்களான குளுட்டாதயோனும் தயோரெடாக்சினும் அந்தக் கந்தகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. மீளக்கூடியது என்பதுதான் இதன் உயிர்நாடி.

நெல்லிமரம் (கோவிந்தாபுரம்)

நொதிநாடி சொல்வது ஆய்வகத்துக்குப் பொருந்தலாம். புகையும் பூச்சிமருந்தும் வெயிலும் சேர்ந்து நம் உடலில் தனி உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போகும் காலத்தில், அவற்றைத் தணிக்கும் நெல்லிக்காயையும் மஞ்சளையும் குறைசொல்வதுபோல் இந்த விவாதம் போகக் கூடாது என்பது என் கருத்து. நெல்லிப்பொடியின் ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் மற்ற எல்லாப் பழங்களையும்விடப் பல மடங்கு என்று பட்டியலே இருக்கிறது. கேட்டை விளைவிக்கும் ஒன்று குறைந்தால் நன்மைதானே?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் (வாளையார்)

நெல்லிமரம் ஐயா, நெல்லிக்காயை யாரும் குறைசொல்லவில்லை. நானும் தினமும் தின்கிறேன். ஆனால் அந்த மதிப்பெண் சோதனைக்குழாயில் எடுத்தது. அப்படிப்பட்ட ஓராக் பட்டியல் ஒன்றை அமெரிக்க வேளாண்மைத் துறையே வெளியிட்டு வந்தது; குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் உடலில் விளையும் பயனுக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்பதோடு, விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லி 2012-இல் இணையத்திலிருந்து நீக்கிவிட்டது.

குறைந்தால் நன்மைதானே என்ற உங்கள் கேள்வியை மனிதர்களிடமே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அந்த முடிவு 1994-இல் வெளியானது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வில் அது 28 சதவீதமாக இருந்ததால், 1996-இல் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். வைட்டமின் இ மாத்திரை எடுத்த ஆண்களுக்கு ஆண்மைச் சுரப்பி (புரோஸ்டேட்) புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 35,533 பேர் கொண்ட ஆய்வு 2011-இல் காட்டியது. தணித்தால் போதும் என்ற கணக்கு சரியாக இருந்திருந்தால் இந்த மூன்றும் எதிர்த்திசையில் போயிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2009-இல் மைக்கேல் ரிஸ்டோவின் குழு செய்தது. இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் இ-யும் கொடுக்கப்பட்டன. பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் நன்றாக இணங்கத் தொடங்கியது மாத்திரை எடுக்காதவர்களிடம்தான். தசை உழைக்கும்போது எழும் ஆக்சிஜனேற்றமே உடலைத் தேறச் சொல்லும் தகவலாக இருக்கிறது. மாத்திரை அதை நடுவழியில் மறித்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

ஒரு எண் தெரிந்தால் எனக்குத் தெளிவாகும். காயத்தில் ஊற்றும் பெராக்சைடும் செல்லுக்குள் செய்தி சொல்லும் பெராக்சைடும் ஒரே மூலக்கூறுதான் என்றால், அளவில் எவ்வளவு வேறுபாடு?

நொதிநாடி (வேலந்தாவளம்)

3 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 30 கிராம் பெராக்சைடு இருக்கிறது; செறிவின் அலகான மோலாரில் சொன்னால் ஏறத்தாழ 0.9. அமைதியாக இருக்கும் செல்லுக்குள் அதன் செறிவு 1 முதல் 10 நானோமோலார் (மோலாரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமோலார்) அளவில் நிற்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். பத்து நானோமோலார் என்று வைத்தாலும் மருந்துப் புட்டியில் இருப்பது சுமார் 9 கோடி மடங்கு. செல்லுக்குள் 100 நானோமோலாரைத் தாண்டினால்தான் கேடு தொடங்கும் எல்லைக்குப் போகிறோம். இடைப்பட்ட அந்தச் சிறிய வெளியில்தான் செய்திப் பரிமாற்றம் முழுவதும் நடக்கிறது.

காயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வரிக்குதிரை மீனின் குஞ்சுக்கு வால்துடுப்பின் நுனியை வெட்டிவிட்டு, பெராக்சைடு பட்டால் ஒளிர்வு மாறும் ஒரு புரதத்தின் உதவியோடு 2009-இல் பார்த்தார்கள். வெட்டிய ஓரத்திலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தூரத்துக்குப் பெராக்சைடு படிப்படியாகக் குறைந்து பரவியிருந்தது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் உச்சம். அதற்குள் வெள்ளணு ஒன்றுகூட வந்து சேர்ந்திருக்கவில்லை. தோல் செல்களே டுவாக்ஸ் நொதியால் அதைத் தயாரித்து வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. அந்த நொதியைத் தடுத்தால் வரவு குறைந்துவிடுகிறது. அந்த மெல்லிய சரிவின்மேல் 3 சதவீதக் கரைசலை ஊற்றினால் அதற்கு என்ன பொருள் மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஒளிரும் அந்தப் புரதத்தின் பெயர் ஹைப்பர். பாக்டீரியா பெராக்சைடை உணரப் பயன்படுத்தும் ஆக்ஸிஆர் என்ற புரதத்தின் ஒரு பகுதியை ஒளிரும் புரதத்தோடு கோத்து 2006-இல் உருவாக்கினார்கள். அதற்கு முன் பரவலாக இருந்த சாயச்சோதனை, எந்த மூலக்கூறு எங்கே எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாதது. இன்றும் பல கட்டுரைகள் அந்தச் சாயத்தின் ஒளிர்வை மட்டும் அளந்து, ‘செல்லில் தனி உறுப்புகள் கூடின’ என்று எழுதிவிடுகின்றன. அவற்றைப் படிக்கும்போது நான் பாதிக்குமேல் நம்புவதில்லை.

இனி எனக்கே முழுத் தெளிவு இல்லாத இடத்தைச் சொல்கிறேன். செல்லுக்குள் பெராக்சிரெடாக்சின் என்ற நொதி மிகுதியாக இருக்கிறது. அது பெராக்சைடைப் பிடிக்கும் வேகம், நான் முன்பு சொன்ன பாஸ்பட்டேஸின் வேகத்தைப்போல் பல லட்சம் மடங்கு. அப்படியானால் உண்டாகும் பெராக்சைடு முழுவதையும் அதுவே விழுங்கிவிட வேண்டும். மந்தமான பாஸ்பட்டேஸுக்கு ஒரு மூலக்கூறுகூடப் போய்ச் சேரக் கூடாது. ஆனால் சேர்கிறதே, எப்படி?

2003-இல் வுட், பூல், கார்ப்லஸ் ஆகியோர் முன்வைத்தது மதகுக் கருதுகோள். பெராக்சைடு மிகுந்தால் நம் செல்களில் இருக்கும் பெராக்சிரெடாக்சினின் கந்தகம் அளவுமீறி ஆக்சிஜனேற்றம் அடைந்து முடங்கிவிடுகிறது. மதகு திறந்ததுபோல் பெராக்சைடு தன் இலக்குக்குப் பாய்கிறது. பாக்டீரியாவின் பெராக்சிரெடாக்சின் அவ்வளவு எளிதில் முடங்குவதில்லை என்பதும், முடங்கியதை மீட்டெடுக்கும் சல்ஃபிரெடாக்சின் நொதி நம் செல்களில் இருப்பதும் இதற்கு வலுச்சேர்க்கின்றன. 

எதிர்த்தரப்பு வேறு விதமாகச் சொல்கிறது: பெராக்சிரெடாக்சின் காவலாளி அல்ல, தூதுவன். பெராக்சைடிடமிருந்து ஆக்சிஜனேற்றத்தை வாங்கி இலக்குப் புரதத்துக்கு அதுவே கைமாற்றிவிடுகிறது. ஈஸ்டில் இத்தகைய கைமாற்றம், ஆர்ப்1 நொதியிலிருந்து யாப்1 புரதத்துக்கு, 2002-லேயே காட்டப்பட்டது. மனிதச் செல்களில் பெராக்சிரெடாக்சின்2-இலிருந்து ஸ்டாட்3 என்ற புரதத்துக்குச் செல்வதை 2015-இல் காட்டினார்கள். 2018-இல் டோபியாஸ் டிக்கின் குழு பெராக்சிரெடாக்சினை நீக்கிப் பார்த்தது. மதகு சரியென்றால் மற்றப் புரதங்களின் ஆக்சிஜனேற்றம் கூடியிருக்க வேண்டும்; அது குறைந்தது. நான் தூதுவன் பக்கம் சாய்கிறேன் என்றாலும், செல் சவ்வின் அருகே பெராக்சிரெடாக்சின்1-இல் பாஸ்பேட் ஏறி அந்த இடத்தில் மட்டும் அது செயலிழப்பதையும் 2010-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடக்கக்கூடும்.

தென்னந்தோப்பு (மீனாட்சிபுரம்)

மதகு என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். ஆழியாற்றுத் தண்ணீருக்காக மதகைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் நாங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தென்னையும் நிலக்கடலையும் பகலில் ஓலையையும் இலையையும் தளர்த்தி நிற்கின்றன. பயிருக்கும் இந்தப் பெராக்சைடுக் கணக்கு உண்டா? இன்னொன்று: வரப்புப் புல்லுக்கு அடிக்கும் பாராகுவாட் களைக்கொல்லியைக் கேரளம் 2011-இல் தடைசெய்த பட்டியலில் சேர்த்தது. அது வேலை செய்வதும் ஆக்சிஜனேற்றத்தால்தான் என்று ஒரு வேளாண் அலுவலர் சொன்னார். வெயிலில் அடித்தால் சில மணி நேரத்தில் புல் வெந்ததுபோல் ஆகிறது. மேகமூட்டமான நாளில் மெதுவாகத்தான் வாடுகிறது. காரணம் என்ன?

நொதிநாடி (வேலந்தாவளம்)

அண்ணா, பயிருக்கு நம்மைவிட மிகுதியாகவே உண்டு. மண்ணில் ஈரம் குறைந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. இலைத்துளையைக் காக்கும் செல்கள் அதைக் கண்டு, நம் நாக்ஸ் நொதிகளுக்கு உறவான நொதிகளால் பெராக்சைடை உண்டாக்குகின்றன. பெராக்சைடு கால்சியம் வாய்க்கால்களைத் திறக்க, பொட்டாசியமும் அதன் பின்னே நீரும் வெளியேற, செல் தளர்ந்து துளை மூடுகிறது. அரபிடாப்சிஸ் செடியில் இது 2000-இல் காட்டப்பட்டது. அதே செடியின் ஓர் இலையைக் காயப்படுத்தினால், ஆக்சிஜனேற்ற அலை நிமிடத்துக்கு 8.4 சென்டிமீட்டர் வேகத்தில் மற்ற இலைகளுக்குப் பரவுவதையும் 2009-இல் அளந்தார்கள். பயிருக்குள் இருக்கும் பெராக்சைடு முழுவதையும் துடைத்தெடுத்தால், வறட்சியில் துளையை மூடத் தெரியாமல் உங்கள் தோப்பு இன்னும் விரைவாகக் காயும்.

பாராகுவாட் இந்தக் கதையின் மறுபக்கம். ஒளிச்சேர்க்கையின் முதலாம் ஒளித்தொகுப்பிலிருந்து அது எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது, சூப்பர்ஆக்சைடு பிறக்கிறது, பாராகுவாட் பழைய வடிவத்துக்குத் திரும்பி அடுத்த எலக்ட்ரானுக்குப் போகிறது. தான் தீராமல் சுழன்றுகொண்டே இருக்கும் வினை இது. எலக்ட்ரான் ஓட்டத்துக்கு ஒளி வேண்டும் என்பதால்தான் வெயிலில் வேகம், மேகத்தில் தாமதம். மனித நுரையீரல் செல்கள் அதை வேறொரு பொருள் என்று எண்ணி உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே எலக்ட்ரானைத் தருவது செல்லுக்குள் எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு. நஞ்சேறிய நோயாளிக்கு மருத்துவர்கள் எடுத்தவுடன் ஆக்சிஜன் வைக்கத் தயங்குவது அது இந்தச் சுழற்சிக்குத் தீனி போடும் என்பதால்தான். நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. தெளிப்பவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

ஆனைகட்டி சிஸ்டர்

என்ஏடிபிஎச் என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. குளுட்டாதயோனை மீட்டெடுக்கத் தேவையான என்ஏடிபிஎச்-ஐ அது குளுக்கோஸின் ஒரு கிளைப்பாதையில்தான் பெறுகிறது. அந்தப் பாதையின் முதல் நொதி ஜி6பிடி. அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறைபாடு ஆண்களிடம் மிகுதியாக வெளிப்படுகிறது. இவர்கள் சாதாரண நாட்களில் நலமாகவே இருப்பார்கள். வைவாக்ஸ் மலேரியாவுக்காகப் பிரைமாகுயின் கொடுத்தால் சில நாட்களில் சிவப்பணுக்கள் உடைந்து, கண் மஞ்சளித்து, சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகும். 1956-இல் இந்த நொதிக் குறைபாடு கண்டறியப்பட்டதே பிரைமாகுயினைத் தொடர்ந்து போனதால்தான்.

நெல்லிமரம் ஐயா கவனிக்க வேண்டியது ஒன்று. இப்போது நகரங்களில் தோல் வெளுக்க என்று குளுட்டாதயோனும் வைட்டமின் சி-யும் சேர்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். பேரளவில் நரம்பில் ஏறும் வைட்டமின் சி, இரும்புக்கும் செம்புக்கும் எலக்ட்ரானைக் கொடுத்து, அதன் வழியே பெராக்சைடைத்தான் உண்டாக்குகிறது. ஜி6பிடி குறைந்தவருக்கு அது சிவப்பணுச் சிதைவில் கொண்டுபோய் விடும். அந்தச் சோதனையைச் செய்யாமல் ஊசி போடுபவரிடம் யாரும் கை நீட்ட வேண்டாம்.

எங்கள் அட்டப்பாடி மலையில் அரிவாளணு நோயும் (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) உண்டு. தென்னிந்தியாவில் அந்தப் பண்பை நீலகிரிப் பழங்குடியினரிடம் லேமனும் கட்புஷும் 1952-இல் முதலில் அறிவித்தார்கள். அரிவாளணுவின் ஹீமோகுளோபின் எளிதில் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து சூப்பர்ஆக்சைடை விடுகிறது. அந்த அணுவின் குளுட்டாதயோன் இருப்பு எப்போதும் குறைவு. இதை ஈடுசெய்யலாம் என்ற எண்ணத்தில் எல்-குளுட்டமின் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் ஒப்புதல் தந்தது. ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் மருந்து இன்றும் ஹைட்ராக்சியூரியாதான்.

நெல்லிமரம் (கோவிந்தாபுரம்)

சிஸ்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். கேடே இல்லை என்பதுபோல் பேசினால் அதுவும் விளம்பரம்தான். ஆன்டிஆக்சிடன்ட் என்று கொடுத்து உயிரைக் காப்பாற்றிய மருந்தே கிடையாதா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் (வாளையார்)

நியாயமான கேள்வி. கேடு உண்மைதான்: மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் மரபணுவை நீக்கிய எலிக்குஞ்சுகள் பிறந்த சில வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றன. மருந்தும் உண்டு. பாராசிட்டமால் அளவுமீறினால் கல்லீரலில் உருவாகும் ஒரு துணைப்பொருள் குளுட்டாதயோனைத் தீர்த்துவிடுகிறது. அப்போது என்-அசிட்டைல்சிஸ்டீனை நேரத்தோடு ஏற்றினால் கல்லீரல் தப்புகிறது. எது தீர்ந்ததோ அதை, தீர்ந்த இடத்துக்கு, தீர்ந்த நேரத்தில் கொடுப்பது அது. அதே மருந்தை நுரையீரல் புற்றுநோய் உள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் வேகமாக வளர்ந்ததை 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புற்றுச்செல்லும் ஆக்சிஜனேற்றத்துக்கு அஞ்சுவதுதான்.

உங்கள் மஞ்சளுக்கும் ஒரு வழி சொல்கிறேன். முட்டைக்கோசு வகைக் கீரைகளில் கிடைக்கும் சல்ஃபோராஃபேனும் மஞ்சளின் குர்க்குமினும் தனி உறுப்பைத் துரத்திப் பிடிப்பவை என்பதைவிட, செல்லைச் சற்றே சீண்டுபவை என்பதே பொருத்தம். கீப்1 என்ற புரதத்தின் சிஸ்டீனை அவை தொடுகின்றன. கீப்1 வழக்கமாக என்ஆர்எஃப்2 என்ற காரணியைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சிஸ்டீன் தொடப்பட்டதும் பிடி தளர, என்ஆர்எஃப்2 செல்லின் உட்கருவுக்குள் போய்க் குளுட்டாதயோன் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை எழுப்புகிறது. ஆனால் வாயால் உண்ணும் குர்க்குமினில் இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம் என்பதால், பொட்டலத்தில் எழுதியிருப்பதை நான் ஏற்பதில்லை. குழம்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

இவ்வளவையும் வகுப்பில் சொல்லிவிட முடியாது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கியும் சோதனைக்குழாய்களும்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது காட்ட முடியுமா?

ஓய்வுபெற்ற மருந்தாளுநர் (வாளையார்)

பெராக்சைடு செய்தி சொல்வதைக் காட்ட முடியாது, டீச்சர். செய்தி முடிந்ததும் செல் அதை எவ்வளவு விரைவாக முடித்துவைக்கிறது என்பதைக் காட்டலாம். 3 சதவீதக் கரைசலோடு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து 1 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். மூன்று குழாய்களில் சம அளவு ஊற்றி, ஒன்றில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு, இரண்டாவதில் பத்து நிமிடம் வேகவைத்து ஆறவைத்த துண்டு, மூன்றாவதில் எதுவும் இல்லாமல் விடுங்கள். பச்சைத் துண்டில் உடனே நுரை எழும். அது கேட்டலேஸ் பிரித்துவிடும் ஆக்சிஜன். வெந்ததில் நொதி சிதைந்துவிட்டதால் ஏறக்குறைய எதுவும் நடக்காது. துண்டுகள் ஒரே அளவில் இருக்கட்டும், இல்லையென்றால் பிள்ளைகள் பெரிய துண்டுதான் காரணம் என்பார்கள். கண்ணாடி அணிந்து செய்யச் சொல்லுங்கள். புட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள், பழைய புட்டி என்றால் நுரையே வராமல் போகலாம்.